தனக்கு ஒரு நகல்

— முதல்ல முகத்துல இருக்குற நுரையைத் துடைங்க. அப்புறம் சொல்லுங்க, நான் அந்த ஆஸ்பத்திரி வேலைக்குச் சரின்னு சொன்னது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அட, இப்ப அதுவா முக்கியம்? கட்டின புருஷன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வேற ஊர்ல வேலைக்கு ஒத்துக்கிட்டிருக்க. கேள்வி கேக்க வேண்டியவன் நான்.

— கேளுங்க. அதுக்கு முன்னாடி இதுக்குப் பதில் சொல்லுங்க.

— உங்க அக்கா சொன்னாங்க.

— அக்காவுக்கே இன்னும் தெரியாதுங்க. ஆஸ்பத்திரிக்கு மெயில் அனுப்பி பத்து நிமிஷம்கூட ஆகல. நீங்க பாத்ரூம்ல ஷேவ் பண்ணிட்டிருந்தீங்க. கூட இருந்தது உங்க போன் மட்டும்தான்.

— அட விடும்மா. காலங்காத்தால போலீஸ் மாதிரி.

— இந்த லேப்டாப்புல எனக்கு மெயில் செட் பண்ணிக் குடுத்தது யாரு?

— நான்தான். மூணு வருஷம் ஆச்சு. அதுக்கென்ன இப்ப?

— இங்க வாங்க. செட்டிங்ஸ். அனுப்புற ஒவ்வொரு மெயிலும் எனக்கே ஒரு நகல் வரணும்னு டிக் போட்டிருக்கு. கீழ கட்டத்துல என் முகவரி இருக்கணும். யாரோடது இருக்கு? வாசிங்க.

— ...என்னோடது. அட, ஆபீஸ்ல என் மெஷினுக்கு அப்படித்தான் போட்டு வச்சிருக்கேன். அந்தப் பழக்கத்துல கை தானா அடிச்சிடுச்சு. சத்தியமா வேணும்னு செய்யல.

— நம்புறேன். லேப்ல ரத்தம் எடுத்தா குழாய்ல யார் பேரு ஒட்டியிருக்குன்னு ரெண்டு தடவை பாக்குறவ நான். என் மெயிலை நானே பாக்காம விட்டிருக்கேன். ஆனா முதல் நகல் உங்களுக்கு வந்துச்சே, அன்னிக்கே அந்த டிக்கை ஏன் எடுக்கல?

— எடுக்கணும்னுதான் இருந்தேன். எல்லாத்தையுமா படிக்கிறேன்? ஏதோ ஒண்ணு ரெண்டு.

— கரு கலைஞ்ச மறுவாரம் அக்காவுக்கு அழுதுகிட்டே எழுதினேனே. அது அந்த ஒண்ணு ரெண்டுல வருமா?

— படிச்சேன். ஆபீஸ் மாடிப்படியில உக்காந்து படிச்சேன்.

— படிச்சுட்டு சாயங்காலம் வந்து, ஏன் ஒரு மாதிரி இருக்க, தலைவலியான்னு கேட்டீங்க.

— வேற என்னம்மா கேக்குறது? படிச்சது தெரிஞ்சா நீ எழுதுறதையே நிறுத்திடுவ. நேர்ல எங்கிட்ட நீ ஒண்ணும் சொல்றதில்ல. அதுல மட்டும்தான் மனசு விட்டுப் பேசுற. அதுவும் போயிடுமோன்னு பயமா இருந்துச்சு.

— ‘அவர் ஒரு தடவை வாய்விட்டு, போகாதன்னு சொன்னா, இந்த வேலையே வேணாம்னு ஆஸ்பத்திரிக்கு எழுதிடுவேன்.’ இப்படியும் அக்காவுக்கு எழுதினேன். ஒரு தடவை இல்ல, நாலு தடவை.

— ...வந்துச்சு. நாலும் வந்துச்சு.

— ஆனா நீங்க சொல்லல.

— சொன்னா உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பியே. அதுக்குப் பயந்துதான்... அட, இப்ப சொல்றேன்மா. போகாத. அந்த டிக்கை இந்த நிமிஷமே எடுத்துடுறேன்.

— ஆறு மாசத்துக்கு முன்னாடியே நான் அதைப் பாத்துட்டேங்க. பாத்தும் எடுக்கல. அந்த நாலு மெயிலும் பேருக்குத்தான் அக்காவுக்குப் போச்சு, உங்களுக்குத்தான் எழுதினேன்.