சித்தோர்கட்டில் பார்த்தது

நிக்டி போகும் பஸ். தாபோடி ஸ்டாப் தாண்டியதும் என் பக்கத்து சீட்டில் ஒரு பெண் தன் அக்காவிடம் தமிழில் சொன்னாள்.

"சித்தோர்கட் கோட்டையில நான் பாத்தது மூணு பெல்ட்டுதான்க்கா."

"பெல்ட்டா?"

"ஜெயின் கோயிலுக்குள்ள தோல் சாமான் கொண்டு போகக் கூடாது. இவரும் இவர் தம்பிங்க ரெண்டு பேரும் பெல்ட்டு, பர்ஸு எல்லாத்தையும் என் கையில குடுத்துட்டு உள்ள போயிட்டாங்க. ஒரு மணி நேரம் வெயில்ல நின்னேன்."

"அவங்க வந்ததும் நீ போக வேண்டியதுதான?"

"ட்ரெயினுக்கு நேரமாச்சாம். காளி கோயில்லதான் கும்பிட்டாச்சே, ஜெயின் சாமி உனக்கு எதுக்குன்னு கேக்குறாரு. நான் சாமிக்கா போனேன்? அந்தக் கல்லு வேலையப் பாக்கணும்னு ரெண்டு வருஷமா நச்சரிச்சு எல்லாரையும் கூட்டிட்டுப் போனதே நான்தான்."

"போட்டோ எடுத்திருப்பாங்கல்ல?"

"எல்லாத்துலயும் இவங்க மூணு மூஞ்சிதான். பின்னால தூண் எங்க தெரியுது?"

அக்கா சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை.

"தீபாவளி லீவுக்கு மறுபடியும் போறேன். டிக்கெட் போட்டுட்டேன். ஒரு டிக்கெட்."

முன் சீட்டில் இருந்த ஆள் திரும்பினார். அவர்தான் புருஷன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஒண்ணுதானா? அப்ப நான்?"

"நீங்கதான் பாத்துட்டீங்களே."