துரைக்குளம் கழுவிய ஞாயிறு

சிமெண்டில் படிந்த பாசிக்குத் தேங்காய் உரித்த கதம்பலும் ஆற்றுமணலும் போதும். அப்படித்தான் தேய்த்தேன், குளத்துச் சுவர் வெளுத்துவிட்டது. நீங்களே பார்த்தீர்கள், இன்ஸ்பெக்டர் சார்.

குலசேகரத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை, நாடு கைமாறியதும் பங்களாவை என் கணவர் பகவதியப்பனுக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார். கொல்லையில் அவர் நீந்துவதற்குக் கட்டிய தொட்டியும் எங்களுக்கு வந்தது. வருடக்கணக்காகத் தவளையும் சருகுமாகக் கிடந்தது. எனக்கு நாகர்கோவிலில் பள்ளிக்கூட வேலை கிடைக்கும்வரை அது யாருக்கும் தேவைப்படவில்லை.

என் அப்பா தோவாளையில் பிச்சிப்பூ பயிரிட்டு என்னைத் திருவனந்தபுரத்தில் பி.ஏ. படிக்கவைத்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கணவருக்கு அது விருந்தாளிகளுக்கு எடுத்துக்காட்டும் வெள்ளிக்கிண்டி மாதிரி. வேலை என்றதும் சிரித்தார்.

"ஏட்டி பி.ஏ.க்காரி, மொதல்ல அந்தக் கொளத்தைக் கழுவு. பொறவு பள்ளிக்கூடத்தைப் பாப்போம்."

"கழுவினா போலாமா?"

"கழுவு மக்கா."

கழுவினேன். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். ஞாயிறு காலை, அடியிலுள்ள மடைவாய் மட்டும் அடைத்துக்கிடந்தது. என் கைக்கு எட்டவில்லை. வேலையாட்களெல்லாம் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். கணவர் இடுப்பு முண்டை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கினார்.

குலசேகரம் பக்கத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. தொட்டிக்கு வரும் ஓடைத் தண்ணீரை மறிக்கும் பலகையை ஒருவர் மேலே தூக்கிப் பிடிப்பார். பாயும் தண்ணீரில் சேறு இளகும்போது, இன்னொருவர் மடைவாய்க் குழியில் படுத்து, மடைக்குள் கைவிட்டு அடைப்பை எடுப்பார். அவர் "மதி" என்றால் பலகையை இறக்க வேண்டும்.

பலகையைத் தூக்கியபடி கேட்டேன். "நாளைக்குப் போலாம்லா?"

"ஒனக்கு அறிவிருக்கா? அடுத்த வருசமும் பாசி பிடிக்கும். அப்ப ஆரு கழுவுவா?"

தோள்வரை கையை விட்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் கையை இழுத்தார். உள்ளே சிக்கிய கை வரவில்லை. "மதி" என்றார். பிறகு "மதி, மதி" என்றார்.

மதி என்றால் எங்கள் தோவாளையில் நிலா, போதும் என்று சொல்லியிருந்தால் விளங்கியிருக்கும் என்று அன்று உங்களிடம் அழுதேன். கிழக்கத்திப் பெண், பாவம் என்று நீங்களும் தலையாட்டினீர்கள். திருவனந்தபுரத்துக் கல்லூரி விடுதியில் சோறு போடுகிறவளைத் தினமும் "மதி" என்று சொல்லித்தான் கையால் மறித்திருக்கிறேன். அவர் சொன்ன முதல் தடவையே விளங்கிற்று.

பலகையை இறக்கவில்லை. கனத்தது, கை மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

தண்ணீர் தாடையைத் தொட்டபோது, "கோமளவல்லி, நீ போ... வேலைக்குப் போ" என்றார். கல்யாணமான பிறகு அவர் என் பெயரைச் சொன்னது அப்போதுதான். நான் அந்த அனுமதியை மிரட்டி வாங்கவில்லை. அவராகவே சொன்னார். குமிழி நின்றபின் பலகையை இறக்கினேன்.

மறுநாள் சிதை எரியும் நேரத்தில் நான் வகுப்பில் இருந்தேன். ஊர் அதைத்தான் பேசுகிறது, சாவைப் பற்றி அல்ல. கொன்றவள் என்று எழுதிக்கொள்ளுங்கள், அது உண்மை. புருஷன் சொல் கேளாதவள் என்று மட்டும் எழுதாதீர்கள். அவர் போ என்றார், போனேன்.