என்ன எண்ணெய் என்று கேட்டீர்கள்

என் தலைக்கு என்ன எண்ணெய் தேய்க்கிறேன் என்று முதல் நாளே கேட்டீர்கள், டாக்டர். நல்லெண்ணெயில் கறிவேப்பிலையும் செம்பருத்திப் பூவும் போட்டுக் காய்ச்சுவேன் என்று சொன்னேன். அது பொய் இல்லை. காய்ச்சுவேன். வடிகட்டி, ஆற வைத்து, பாட்டிலில் ஊற்றி, எதிர்வீட்டு ஞானாம்பாளிடம் கொடுத்துவிடுவேன்.

அவளும் விடாமல் தேய்க்கிறாள். தலையணை உறைகள் பாழானதுதான் மிச்சம். "மாமி, நீங்க இதுல இன்னும் என்னமோ சேக்கறீங்க. எங்கிட்ட சொல்ல மாட்டேங்கறீங்க" என்று குறைப்பட்டுக்கொள்வாள். "ஒண்ணும் இல்லடி, கைராசி" என்பேன்.

வியாழக்கிழமை என் கணவர் தலையில் நீங்கள் முடி நடப்போகிறீர்கள். அதற்கு முன் மீதியையும் சொல்லிவிடுவது முறை என்று பட்டது. அவருக்குக் காலையில் என்ன ஆகாரம் கொடுக்கலாம் என்று கேட்டு வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். ஆகவே போகும்போது அதையும் சொல்லி அனுப்புங்கள். வெறும் கையோடு போனால் பொய் சொன்னதாகிவிடும்.

அவர் பெயர் பஞ்சாபகேசன். திருவையாற்றுச் சுவாமியின் பெயர். ஐந்து ஆற்று நீரையே சடையாக உடையவர் என்று அர்த்தம் சொல்வார்கள். பெயரிலேயே கேசம் இருப்பதால் தலையிலும் இருந்தே தீரும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. கல்யாணத்தின்போது அப்படித்தான் இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று என் அத்தை கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி வந்து, "மாப்பிள்ளை தலையில சீப்பு உள்ள போனா வெளியில வராதுடி" என்றாள். நான் சம்மதம் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். பிற்பாடு நடந்ததை வைத்து என்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அவர் முடி மேல் எனக்கு ஒரு நாளும் பகை இருந்ததில்லை.

சில வருடங்களுக்கு முன், சித்திரை வெயிலில், மொட்டை மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்தேன். கீழே வாசலில் அவர் குனிந்து ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். உச்சந்தலையில் ஒரு வடாம் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. நான் அவரிடம் சொல்லவில்லை. தன் உச்சந்தலையைத் தானே பார்க்க யாருக்கும் முடியாது என்பதால், நான் சொல்லாத வரை அவருக்கு அது கிடையாது.

ஒரு மனைவி அந்த நேரத்தில் வருத்தப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஏனென்றால் என் வகிடு அகலமாக ஆரம்பித்து அதற்குள் ஒரு தீபாவளி போயிருந்தது. நூல் பிடித்த மாதிரி இருந்த இடத்தில் நடைபாதை போட்டிருந்தது. பூ வைத்தால் நிற்கவில்லை, கோயில் பிராகாரம் சுற்றி முடிப்பதற்குள் பாதிச் சரம் முதுகில் தொங்கும். ஆண்களுக்காவது வழுக்கை என்று ஒரு சொல் இருக்கிறது. கேலி செய்வார்கள், அவர்களும் சேர்ந்து சிரித்துக்கொள்வார்கள். பெண்களுக்கு அதற்கு ஒரு சொல்லே கிடையாது. "கொஞ்சம் கொட்டறது" என்று சொல்லிக்கொண்டே காலத்தை ஓட்ட வேண்டியதுதான்.

நான் ஒரு சவுரி வாங்கிக் கொண்டைக்குள் வைத்துக் கட்டினேன். மற்ற நேரத்தில் அது கொலு பொம்மைப் பெட்டிக்குள் இருக்கும், தசாவதாரத்துக்கும் செட்டியாருக்கும் நடுவில். ஒரு நவராத்திரிக்கு அவர் பரணிலிருந்து பெட்டியை இறக்கி, மூடியைத் திறந்துவிட்டார். ஒரு நிமிஷம் பார்த்தார். "எலி போலிருக்கு விஜயம். வால் தெரியறது. நீயே பார்த்துக்கோ" என்று மூடி வைத்துவிட்டுப் போனார். எலி என்றால் ஸ்டூல் மேல் ஏறி நிற்கிற மனிதர். வயதானால் பயம் குறையும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் என் அண்ணா பிள்ளை ஸ்ரீவத்ஸன் கல்யாணம் வந்தது. இப்போதெல்லாம் கல்யாணத்தில் டிரோன் விடுகிறார்கள். மண்டபத்துக்கு மேலே வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டு சுற்றியது. ஒரு மாதம் கழித்து வீடியோ வந்ததும் எங்கள் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். மேலிருந்து எடுத்த மண்டப வாசல். ஒருவர் எல்லோருக்கும் பன்னீர் தெளித்துக்கொண்டு நிற்கிறார்.

"யாரிந்த வழுக்கை? நம்மாத்துப் பன்னீர்ச் செம்பை வெச்சுண்டு நிக்கறான்?" என்று கேட்டார் என் கணவர்.

 என் அண்ணா எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சொட்டு மருந்தோடு வந்தார். பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுப்பவர் அல்லவா, மருந்தை வாங்கியதோடு நிற்காமல் எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்திருந்தார். வேர் சாவதில்லையாம், ஏதோ ஒரு ஹார்மோனால் சுருங்கிச் சுருங்கிப் பூனை ரோமம் மாதிரி ஆகிவிடுகிறதாம். மருந்து போட்டால் தூங்குகிற வேர் விழித்துக்கொள்ளுமாம். "பொம்மனாட்டிகளுக்கு வேற மாதிரி, விஜயம். முன்பக்கம் அப்படியே இருக்கும். வகிடு மட்டும் அகலும். அவாளும் இதையே போட்டுக்கலாமாம், மருந்து எழுதின டாக்டரே சொன்னார்" என்றார். நான் கேட்கவே இல்லை. பாடம் நடத்த ஆரம்பித்தால் அவருக்கு நிறுத்தத் தெரியாது.

பிறகு பெட்டிக்குள் இருந்த காகிதத்தை எடுத்து உரக்கப் படித்தார். சிலருக்கு நெஞ்சு படபடக்கலாம் என்று போட்டிருந்தது. "எனக்கு பி.பி. வேற இருக்கு" என்றார். பாட்டிலை என் கையில் கொடுத்தார். "உச்சந்தலை எனக்கு எட்டாது. தினம் நீயே போட்டு விட்டுடு."

இங்கேதான், டாக்டர், நிதானமாக யோசித்தேன். பி.பி. உள்ள மனிதர். நெஞ்சு படபடக்கும் என்று அச்சடித்தே கொடுத்திருக்கிறான். தெரிந்தே போட்டுவிட நான் என்ன கொலைகாரியா? போடவில்லை என்றால் மனம் ஒடிந்துபோவார். கல்யாண வீட்டிலிருந்து மீந்த பன்னீர் இருந்தது. பன்னீரால் யாருக்கும் கெடுதல் வந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. மருந்தை வேறொரு பாட்டிலுக்கு மாற்றிவிட்டு, மருந்துப் பாட்டிலில் பன்னீரை நிரப்பினேன்.

தினமும் காலையில் காபி ஆனதும் முற்றத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். நான் பின்னால் நின்று பன்னீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு விரல் நுனியால் தேய்த்து விடுவேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் என் எதிரில் அவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்ததில்லை. பேப்பர் கிடையாது, போன் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது பேசுவார். பிளஸ் டூ பையன்களைப் பற்றி, அவருடைய அப்பா விற்ற நிலத்தைப் பற்றி, எங்கள் பெண் ஷைலஜா பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் அவர் அழுததைப் பற்றி. அந்த அழுகை எனக்கு அதுவரை தெரியாது.

ஒரு நாள், "பசங்க எனக்குப் பன்னீர் சார்னு பேர் வெச்சிருக்கா" என்றார்.

"ஏனாம்?"

"அதான் தெரியலை" என்று இன்னும் வாகாகத் தலையைக் குனிந்து கொடுத்தார்.

முப்பது வருடமாகக் கண்ணாடிக் குடுவைகளை முகர்ந்து பார்த்தே இது என்ன திராவகம் என்று சொல்கிறவர். தன் தலை மேல் இருப்பது தெரியவில்லை. படித்தவர்கள் சில விஷயத்தில் அப்படித்தான்.

மருந்து என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தீரத் தீர அவர் வாங்கி வரும் விலை உயர்ந்த மருந்தைக் கீழே கொட்ட எனக்கு மனம் வரவில்லை. எனக்கு பி.பி. கிடையாது, நெஞ்சும் கெட்டி. அவர் பள்ளிக்கூடம் கிளம்பினதும் கதவைத் தாழ்போட்டுவிட்டு என் வகிட்டில் போட்டுக்கொண்டேன். முதலில் இன்னும் கொஞ்சம் கொட்டியது. அதைப் பற்றியும் அவர் ஒரு நாள் காலையில் பாடம் நடத்தியிருந்ததால் பயப்படவில்லை. பழசு விழுந்து புதுசு வரும், விட்டுவிடக் கூடாது என்று சொல்லியிருந்தார். விடவில்லை.

ஐந்தாறு மாதத்தில் குட்டி குட்டியாக முளைத்தது. அடுத்த வருடம் ஆடிப்பெருக்கன்று சவுரியைக் கருகமணி, காதோலையோடு காவிரியில் விட்டேன். கொஞ்சம் தள்ளிக் குளித்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர் பாம்பு என்று கரையேறி ஓடினார். அவருக்காக மட்டும் இன்றும் வருத்தப்படுகிறேன்.

என் கணவர் வெள்ளிக்கிழமை தோறும் பூ வாங்கி வருவார். எப்போதும் இரண்டு முழம். இப்போது நான்கு முழமாகக் கொண்டு வருகிறார். "மல்லி மலிவு" என்கிறார். போன மார்கழியிலும் அதையே சொன்னார். மார்கழியில் மல்லி எங்கே மலிவு? பூக்காரி அவரை ஏமாற்றுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

இதில் யாருக்கு நஷ்டம் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். கல்யாணப் பன்னீர் தீர்ந்தபோது மட்டும் கொஞ்சம் கவலைப்பட்டேன். அதற்கு அவரே வழி செய்தார். நாட்டு மருந்துக் கடைக்குச் சுக்கு வாங்கப் போனவர் பையிலிருந்து இரண்டு பாட்டில் பன்னீரையும் எடுத்து வைத்தார். "ஆத்துல இருக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்றார். அதிலிருந்து மாதா மாதம் வாங்கி வருகிறார். எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவ்வளவு வெள்ளை மனம்.

எல்லாம் இப்படியே போயிருக்கும். வருகிற தை மாதம் அவருக்கு அறுபது. திருக்கடையூரில் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. மாலை மாற்றி, மறுபடி தாலி கட்டி, ஆல்பம் எல்லாம் உண்டு. ஷைலஜா ஹைதராபாத்திலிருந்து போன் பண்ணி, "அப்பாவுக்கு என் கிஃப்ட்" என்று உங்களிடம் நாள் வாங்கிவிட்டாள். அவர் வேண்டாம் என்றார். அவள் விடவில்லை. "சரி, குழந்தை ஆசைப்படறா" என்று தலையாட்டினார்.

நாங்கள் முதலில் வந்த அன்று நீங்கள் விளக்கமாகச் சொன்னீர்கள். பின்னந்தலை முடி கொட்டாத ஜாதி, அங்கேயிருந்து வேரோடு எடுத்து உச்சியில் நடுவோம், நட்டது சில வாரத்தில் உதிரும், பிறகு மறுபடி வளரும் என்றீர்கள். அவருக்கு அது உடனே பிடிபட்டது. "நாத்தங்கால்ல பறிச்சு நடறது. ஆடியில ஆரம்பிச்சா தையில அறுவடை. சம்பா சாகுபடிதான்" என்றார். நீங்களும் சிரித்தீர்கள்.

அப்புறம்தான் கேட்டீர்கள்: "சார், ரெண்டு வருஷமா சொட்டு மருந்து போடுறேன்னீங்களே. ஏதாவது தெரிஞ்சுதா?"

"நன்னா வேலை செய்யறது டாக்டர். அதை மட்டும் நிறுத்தச் சொல்லிடாதீங்கோ" என்றார்.

நீங்கள் அவர் தலையைப் பார்த்தீர்கள். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. விளக்கு வெளிச்சம் பட்டுத் தலை மின்னுகிறது, வேலை செய்கிறது என்கிறாரே என்று.

"இது மருந்துக்குக் கேக்காத தலை சார். நட்டுடலாம்" என்று முடித்துவிட்டீர்கள். என்னிடம் திரும்பி, "ஆபரேஷன் ஆனதும் தலையில யாரும் கை வைக்கக் கூடாதும்மா. அப்புறமும் மருந்து போடுறதை எல்லாம் எங்க சிஸ்டர் அவருக்கே பழக்கி விட்டுருவாங்க. உங்களுக்கு அந்தச் சிரமம் இருக்காது" என்றீர்கள்.

சிரமம் என்றீர்கள். அன்று வீட்டுக்குப் போய் முற்றத்து முக்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே சொல்லிவிடுகிறேன், டாக்டர். மருந்துக்குக் கேட்காத தலை என்று நீங்கள் தீர்ப்புச் சொன்ன தலையில் அந்த மருந்து ஒரு சொட்டுக்கூட விழுந்ததில்லை. இரண்டு வருடம் அவரை ஏமாற்றி, அவர் மருந்தில் நான் முடி வளர்த்துக்கொண்டேன். பொறாமையால் அல்ல. முழுக்க அவர் இதயத்தை உத்தேசித்துத்தான்.

நீங்கள் எனக்கு ஒரே ஒரு உபகாரம் செய்ய வேண்டும். வியாழக்கிழமை வேண்டாம். பி.பி. கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, தைக்கு அப்புறம் பார்க்கலாம், அதுவரை பழைய மருந்தையே தொடரட்டும் என்று அவரிடம் சொல்லுங்கள். ஷைலஜாவிடமும் சொல்லுங்கள். உண்மையைச் சொல்லிவிடலாமே என்று கேட்காதீர்கள். தெரிந்தால் அந்த மனிதர் தாங்கமாட்டார். தினமும் காலையில் எவ்வளவு நம்பிக்கையோடு தலையைக் கொடுக்கிறார் தெரியுமா?

இப்போது கிளம்பும்போதும் வாசல் வரை வந்தார். செருப்பைக் காலருகில் தள்ளி வைத்தார். "டாக்டர்கிட்ட சொல்லி மருந்து இன்னொரு பாட்டில் எழுதி வாங்கிண்டு வந்துடு, விஜயம். பின்னாடியெல்லாம் நன்னா அடர்ந்துடுத்து. வகிட்டுலதான் இன்னும் கொஞ்சம் பாக்கி. தைக்குள்ள மூடிடும்" என்றார்.

சிரிக்காதீர்கள், டாக்டர். அவர் தலையில் வகிடு எடுக்க என்ன இருக்கிறது? நட்டு, வளர்ந்து, வாரி முடித்த மாதிரியே நினைப்பு. பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.