எழுபத்தொரு கிலோ

— கோட்டையும் கழட்டணுமா, டாக்டர்?

— கழட்டணும். பூட்ஸையும்.

— பூட்ஸ் சரி. கோட்டு என்ன, ஒரு கிலோ இருக்குமா? மனசுல கழிச்சுக்கிட்டாப் போச்சு.

— கழட்டிட்டு ஏறுங்க, வீப்ரன். இந்த அறையில எல்லாருக்கும் இதே சட்டம்தான். ரெண்டு வருஷமா.

— பாதிரியாரைக்கூட விடலையாமே நீங்க. பாலத்துல என்னைப் பிடிச்சு வெச்சுக்கிட்டுப் புலம்பினார். அதுக்குள்ள பாலத்தைத் திறக்கச் சொல்லி ரெண்டு படகு ஹாரன் அடிச்சு ஓய்ஞ்சுபோச்சு.

— அவரைப் பத்தி நான் வாயைத் திறக்க முடியாது. தள்ளி நில்லுங்க, தராசுத் தூண்ல முழங்கை இடிக்குது... ம். எண்பத்திரண்டு. போன மாசமும் இதேதான்.

— நல்ல செய்தின்னு சொல்லப் போறீங்க.

— சொல்லத்தான் வந்தேன்.

— வேணாம். அதைக் கேட்டாலே இங்க குத்துது.

— உட்காருங்க. எங்க, காட்டுங்க?

— இடது விலாவுக்குக் கீழே. அதே இடம்தான், ஒரு விரல் நகரலை. சொல்லாம கொள்ளாமக் குடிவந்து பதினாலு மாசம் ஆச்சு.

— ராத்திரியிலும் இருக்கா?

— அது தூங்குதா இல்லையான்னு தெரியலை. நான் தூங்கலை.

— பாலம் திறக்கும்போது?

— அப்ப கொஞ்சம் மறந்திருக்கும். கேட்டை இறக்கி, படகைப் பார்த்து, கார்க்காரங்க திட்டுறதையும் வாங்கிக்கிட்டு... பாலம் மூடினதும் திரும்ப வந்து உட்கார்ந்துக்கும்.

— ரத்தப் பரிசோதனை மூணு தடவை. வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பார்த்தாச்சு. ஸ்கேன் ரெண்டு...

— மூணாவதா ஒண்ணு எழுதிக் கொடுங்க.

— வீப்ரன்...

— எழுதிக் கொடுங்கன்னு கேட்கத்தான் வந்தேன். அதுக்குத்தான் வரவேற்புல இருக்கிற ஹில்கா கிட்ட இருபது நிமிஷம் கேட்டு வாங்கினேன். என்ன விஷயம்னு ஃபோன்ல கேட்டா. பழைய விஷயம்னு சொன்னேன்.

— போன தடவை உங்களுக்கு ஒண்ணு சொன்னேனே. பாலத்துல படகே இல்லாம சிவப்பு விளக்கு எரியுற மாதிரின்னு. விளக்கு எரியுறது நிஜம், ஆனா...

— அதை வீட்டுக்குப் போய் யோசிச்சேன், டாக்டரம்மா. விளக்கு சும்மா எரிஞ்சா நாங்க கேபிளைத் தோண்டி எடுத்துப் பார்ப்போம். விளக்குக்குப் பக்கத்துல உட்கார்ந்து தட்டிக்கொடுத்து, படகு இல்லப்பா, பயப்படாதேன்னு சொல்லிக்கிட்டிருக்க மாட்டோம்.

— ...சரி. அந்த உதாரணத்தை இனிமே யார்கிட்டயும் சொல்லலை.

— மாட்டுப் பண்ணைக்காரங்க கிட்ட சொல்லுங்க. அவங்களுக்குக் கேபிள் தெரியாது.

— வலி இருக்கு, வீப்ரன். அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஏன் இருக்குன்னுதான் எனக்குத் தெரியலை.

— இதையே ஆறு மாசத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம். அப்ப என்ன எழுதினீங்க தெரியுமா?

— எங்க எழுதினேன்?

— கம்ப்யூட்டர்லதான். நாங்களும் திறந்து பார்க்கலாமே. தேதி போட்டு, கட்டம் கட்டமா இருக்கு. ஒவ்வொரு கட்டத்துக்கும் கடைசியில ஒரே வரி. "நோயாளியின் அச்சம் நீக்கப்பட்டது." எனக்கு நாலு தடவை நீக்கியிருக்கீங்க.

— அது... நாங்க எல்லாரும் எழுதுற வரிதான். படிக்கிற காலத்துல இருந்து கை தானா எழுதிடும்.

— தெரியும். என் சம்சாரம் பவ்கியாவுக்கும் அதே வரிதான். அவளுக்கு ஆறு தடவை.

— பவ்கியாவோடதை நீங்க எப்படி...

— அவளே அச்சடிச்சு வெச்சிருந்தா. தையல் டப்பாவுக்கு அடியில இருந்துச்சு. இந்தாங்க. மடிப்புல கிழிஞ்சிருக்கு, பார்த்துப் பிரிங்க.

— ஒரு நிமிஷம். ஃபோன்... சொல்லு, ஹில்கா. இல்லை, இன்னும் முடியலை... காத்திருக்கச் சொல்லு. காபி கொடு... அப்புறமா பேசுறேன். ம், சொல்லுங்க, வீப்ரன். ஓரத்துல பென்சில்ல என்ன இது? நாலு, மூணு, மூணு...

— ராத்திரிக் கணக்கு.

— என்ன ராத்திரி?

— நீங்க ஒண்ணுமில்லைன்னு சொல்லி அனுப்பினப்புறம் அவ எத்தனை ராத்திரி தூங்கினாளோ, அந்தக் கணக்கு. முதல் தடவை நாலு. அப்புறம் மூணு, மூணு, ரெண்டு, ஒண்ணு. கடைசியில பாருங்க.

— பூஜ்யம்.

— அதுக்கு அடுத்த வாரம் கண்ணு மஞ்சளாச்சு. கணையத்துல புற்றுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. அதுக்கப்புறம் ஏழு வாரம்.

— நீங்க இதை எப்பக் கண்டெடுத்தீங்க?

— அவளை அடக்கம் பண்ணி ஒரு வருஷம் கழிச்சு. கோட்டுக்குப் பொத்தான் தைக்கலாம்னு டப்பாவைத் திறந்தேன்.

— அதாவது, பதினாலு மாசத்துக்கு முன்னாடி.

— நீங்க கணக்குப் போடுவீங்கன்னு தெரியும். அந்தக் கணக்கு எனக்கும் வரும், டாக்டர். அதனால வலி பொய்யாயிடுமா?

— ஆகாது.

— சொல்லுங்க, இன்னொரு தடவை.

— ஆகாது, வீப்ரன். வலி நிஜம்... என் மேல கோவமா? அதைச் சொல்லத்தான் இந்தக் காகிதமா?

— கோவம் இருந்துச்சு. ஒவ்வொரு கட்டத்துலயும் எடை போட்டிருக்கீங்க, பாருங்க. படிங்க.

— எழுபத்தொண்ணு. எழுபத்தொண்ணு. எழுபது. எழுபத்தொண்ணு...

— மஞ்சளான அன்னைக்கு எங்க அடுப்படியில நின்னு ஒண்ணு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?

— எடை குறைஞ்சிருந்தா அன்னைக்கே ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பேன்னு சொன்னேன்.

— அதேதான். எழுத்துப் பிசகாம.

— சொல்லியிருக்கக் கூடாது. என்னைக் காப்பாத்திக்கச் சொன்னது அது.

— இல்லை. உண்மையைத்தான் சொன்னீங்க. அதான் இறங்க மாட்டேங்குது.

— புரியலை.

— எங்க வீட்டுச் சுவர்க்கடிகாரம் ஞாபகம் இருக்கா? நீளமான பெட்டி. சங்கிலியில ரெண்டு பித்தளைக் குண்டு தொங்கும்.

— அந்த ஏழு வாரமும் பார்த்தேனே. நின்னுபோயிருந்துச்சு. எப்ப வந்தாலும் பத்தரை மணி.

— இங்க வர வேண்டிய நேரம் பதினொண்ணு. பத்தரைக்குத்தான் குண்டைக் கழட்டுவேன்.

— குண்டையா? எதுக்கு?

— முதல் தடவை வெறுமனே வந்தா. ரெண்டாவது தடவை வீட்டுத் தராசுல ரெண்டு கிலோ குறைஞ்சிருந்துச்சு. மக ரின்ஸ்கேவுக்கு அப்ப ஏழாவது மாசம். அவ அந்த நிலைமையில கிடக்கும்போது என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்க, வீப்ரன், குழந்தை பிறக்கட்டும், அப்புறம் என்ன வேணா பார்த்துக்கலாம்னு சொன்னா. அவ கோட்டுப் பையில ஒரு குண்டு போட்டேன். அப்புறம் ரெண்டு. குளிருதுன்னு சொல்லிக் கோட்டைக் கழட்டாதேன்னு சொல்லிக்கொடுத்ததும் நான்தான். பொத்தான் மாட்டிவிட்டதும் இந்தக் கைதான்.

— எதுக்கு வந்தாங்க அப்ப? மறைக்கிறதுக்கா என்கிட்ட வரணும்?

— ஒண்ணுமில்லைன்னு உங்க வாயால கேட்க. நீங்க சொன்னா நாலு ராத்திரி தூங்குவாளே.

— குழந்தையைப் பார்த்தாங்கதானே?

— பதினோரு நாள் வெச்சுக் கொஞ்சினா... கடைசித் தடவைக்கு அப்புறம் குண்டை நான் திரும்ப மாட்டவே இல்லை. இன்னும் அலமாரியிலதான் கிடக்கு.

— இதை வேற யாருக்காவது சொல்லியிருக்கீங்களா? ரின்ஸ்கேவுக்கு?

— அவகிட்ட எப்படிச் சொல்றது? உன் பிள்ளைக்காகத்தான்னா?

— ம்... அதான் மூணாவது ஸ்கேனா?

— அதுல ஏதாவது ஒண்ணு தெரிஞ்சுதுன்னா சரியாப் போயிடும்னு தோணும். அவளுக்கு வந்தது எனக்கும் வந்தா... சமமாயிடும்ல.

— எழுதித் தரச் சொன்னா தரேன், வீப்ரன். இப்பவே. ஆனா நீங்க தேடுறது அதுல தெரியாது.

— ...வேணாம்.

— நாலு வாரத்துக்கு ஒரு தடவை வாங்க. வலி இருந்தாலும் வாங்க, இல்லைன்னாலும் வாங்க. இருபது நிமிஷம். ஹில்கா என்ன விஷயம்னு கேட்க மாட்டா, நான் சொல்லிடுறேன்.

— இதை உங்ககிட்ட சொல்லிட்டேனே, இனிமே வலி போயிடுமா?

— தெரியலை. போகலாம். போகாமலும் இருக்கலாம்.

— இன்னைக்கு ரெண்டாவது தடவை தெரியலைங்கறீங்க. உங்க வாயில அது நல்லாத்தான் இருக்கு, டாக்டரம்மா.

— கம்ப்யூட்டர்ல இன்னைக்கு என்ன எழுதட்டும்? நீங்களே சொல்லுங்க.

— அந்த வரி மட்டும் வேணாம்.

— "வலி இருக்கிறது. காரணம் தெரியவில்லை. இருவரும் பேசினோம்." போதுமா?

— போதும்... கோட்டை எடுத்துக்கலாமா?

— எடுத்துக்கோங்க. வெளியில நல்ல காத்து.

— டாக்டர், ஒண்ணு இடிக்குது.

— என்ன?

— குண்டு விஷயம் எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். அவ போயிட்டா. நான் இப்பத்தான் வாயைத் திறக்கிறேன். நீங்க ரெண்டு வருஷமா எல்லாரையும் கோட்டைக் கழட்டிட்டு ஏறச் சொல்றீங்களே... உங்களுக்கு யார் சொன்னா?

— யாரும் சொல்லலை, வீப்ரன். நாலாவது தடவை பவ்கியா ஏறினப்ப, கோட்டுப் பை அந்தத் தூண்ல பட்டு டங்குன்னு ஒரு சத்தம்... கேட்டுச்சு எனக்கு. கோட்டைக் கழட்டுங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். வெளியில நாலு பேர் உட்கார்ந்திருந்தாங்க. எழுபத்தொண்ணுன்னு எழுதிட்டு, அந்த வரியையும் எழுதினேன்.