சிரிக்க வைத்தே பேச வைத்தவர்

என் மாமனாரின் நினைவைப் போற்றும் இந்த அவைக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் குடியிருப்புச் சங்கத் தலைவர் அவர்களே, மாமாவின் பேச்சை எடுத்தாலே வாயை மூடிச் சிரிக்கும் தாய்மார்களே, சிரிப்பை அடக்கி அடக்கித் தோற்றுப்போன பெரியோர்களே, முப்பத்திரண்டு ஆண்டுகள் அவரோடு லிஃப்ட் பழுது பார்த்த தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் அத்தை அவர்களே, அனைவருக்கும் இந்த மருமகனின் பணிவான வணக்கம்.

மாமாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவர் குரலைக் கேட்டவன் நான். எங்கே? எங்கள் அலுவலக லிஃப்டுக்குள்ளே. நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் அது நின்றுவிட்டது. உள்ளே நான்கு பேர். வியர்வை, படபடப்பு. தலைக்கு மேலே ஒரு குரல்.

"உள்ள எத்தன பேரு?"

"நாலு பேருங்க."

"நல்லதாப் போச்சு. ஒருத்தர் பாடுங்க, மூணு பேர் கேளுங்க. வேலைய முடிச்சிடறேன்."

நான் பாடினேன். பத்தே நிமிடத்தில் கதவு திறந்தது. கிரீஸ் படிந்த முகம் ஒன்று எட்டிப் பார்த்தது. "பாடினது யாருங்க?" பெருமையோடு கையைத் தூக்கினேன். "அதான் சீக்கிரம் முடிச்சேன்" என்றார்.

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், என் பாட்டை நீங்கள் கேட்டதில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, பெண் பார்க்கப் போன வீட்டில் கதவைத் திறந்தவரும் அவரே. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாட மாட்டேன்னு எழுதிக் குடுத்தா பொண்ணு தரேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன். இன்றுவரை வாக்குத் தவறவில்லை.

அன்பர்களே, வேடிக்கை பேசுவோர் ஆயிரம் பேர் உண்டு. அந்த வேடிக்கையால் ஒரு விளக்கை அணையாமல் காத்தவர் எத்தனை பேர்?

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் அத்தைக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் மெல்லத் தேறின. பேச்சு மட்டும் திரும்பவில்லை. எந்தப் பேச்சு? நாற்பது பிள்ளைகள் கொண்ட கணக்கு வகுப்பை ஒற்றை அதட்டலில் அடக்கிய பேச்சு. பயிற்சி கொடுக்க வந்த அம்மையார் படங்களைக் காட்டி "இது என்ன?" என்பார். அத்தைக்குத் தெரியும், நாக்கு எழாது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். சில நாள்களில் படங்களைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார்.

மாமா காலை வேலையை மட்டும் வைத்துக்கொண்டார். மதியம் வருவார், கை கழுவுவார், கட்டிலருகே முக்காலியை இழுத்துப் போடுவார். கல்யாணமான நாள் முதல் தாம் சொல்லிவந்த ஒரே நகைச்சுவையைத் தொடங்குவார். லிஃப்டில் ஆள் அதிகமாகி மணி அடிக்கிறது. எல்லோரும் ஒரு குண்டு மனிதரையே பார்க்கிறார்கள். அவரோ ஒல்லியான தம் மனைவியிடம், "அந்தக் காதுத் தோட்டக் கழட்டும்மா, வெயிட்டு ஜாஸ்தியா இருக்கு" என்கிறார்.

ஆனால் இப்போது மாமா தோடு என்று சொல்லவில்லை. ஒரு நாள் "செருப்பக் கழட்டும்மா" என்றார். மறுநாள் கடிகாரம். அதற்கும் மறுநாள் கண்ணாடி. என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்ப்பா தப்புத் தப்பாச் சொல்லி அம்மாவப் படுத்துறீங்க?"

மாமா அவளைச் சமையலறைக்கு அழைத்துப் போய் மெல்லச் சொன்னார்: "உங்கம்மா கணக்கு டீச்சர்மா. தப்பப் பாத்துட்டு அவளால சும்மா இருக்க முடியாது."

"சும்மாவே இருந்துட்டா?"

"நாளைக்கு இன்னும் தப்பாச் சொல்றேன்."

ஒரு நாள் அல்ல, ஒரு வாரம் அல்ல, நாற்பது நாள் சொன்னார். நாற்பத்தோராம் நாள், "அந்தக் குடையக் கீழ வைம்மா" என்றார். அத்தை கட்டிலை ஓங்கித் தட்டினார். உதடு துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது.

"தோ... டு."

"என்னது?"

"தோடு. தோடு."

"ஆமா, தோடுதான். மறந்தே போச்சு பாரு" என்று சிரித்துக்கொண்டே எழுந்தவர், நேரே பால்கனிக்குப் போய்க் கொடியில் கிடந்த ஈரத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பின்னால் போய் நின்றேன். துண்டை விலக்காமலே சொன்னார்: "ஒண்ணுமில்ல மாப்பிள்ள. துண்டு காஞ்சிருச்சான்னு பாத்தேன்."

அவையோரே, நான் கேட்கிறேன்: சிரிப்பு அவருக்குப் பொழுதுபோக்கா? இல்லை, அது அவர் உழைப்பு. சிரிப்பு அவருக்குப் பட்டாடையா? இல்லை, அது அவர் வேலைச் சட்டை. கவலை இல்லாததால் சிரித்தவர் அல்லர் அவர். நம் கவலையைக் கழற்றி வைக்கவே சிரித்தவர்.

ஒரு சொல் பத்தாயிற்று, பத்து நூறாயிற்று. அடுத்த ஆண்டே அத்தை அவரைத் திட்டத் தொடங்கினார். மாமாவுக்கு அதைவிட இனிய இசை இல்லை. ஐந்து மாதங்களுக்கு முன், அவருடைய கடைசி மதியத்திலும் அத்தை பேசிக்கொண்டே இருந்தார், அவர் புன்னகைத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார்.

பொறுமையோடு செவி கொடுத்த உங்கள் அனைவருக்கும் என் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி. அழைப்பிதழில் பேச்சாளர் என்று அச்சானது என் பெயர் மட்டுமே. ஆனால் இன்று காலை அத்தை என்னைக் கூப்பிட்டு, "மாப்பிள்ள, நீங்க சுருக்கமா முடிங்க. நான் பேசணும்" என்றார். முடித்துவிட்டேன். எழுந்து வருகிறார், வழிவிடுங்கள். வணக்கம்.