வெண்டெல் கழுவி அனுப்பிய தட்டு

இன்று ஏப்ரல் இருபத்து மூன்று, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். மெஸ்கீட் ஓய்வுபெற்றோர் குடியிருப்பின் பொது மண்டபத்தில் கூடியிருப்பவர்கள் எழுபத்து மூன்று பேர். மேடையில் போதகர் எல்டன் க்விஸ்ட், துணைத் தலைவர் லொரெய்ன் ட்வைட், குழு உறுப்பினர்கள் மூவர், நான். முன்வரிசையில் மறைந்தவரின் மகள் கிறிஸ்டீன், அவருடைய கணவர். அவர்களுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் மறைந்தவரின் மனைவி ஆர்டித், அவரை அழைத்து வந்த செவிலிப் பெண். மூன்றாம் வரிசையில், காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருக்கும் பெல் தம்பதியர். சமையலறை வாசலில் காபிக்காக நிற்கும் பெண்கள் மூவர். மீதி ஐம்பத்தெட்டுப் பேரும் இங்கே வீடுள்ளவர்கள். அதில் ஒருவர் என் கணவர் டுவேன், நான்காம் வரிசை, ஓரத்து நாற்காலி.

மேடையில் இருப்பவர்களுக்கும் எதிரே இருப்பவர்களுக்கும் மார்லிஸ் ஹாகனின் வணக்கம். நான் பேச்சாளி இல்லை. நாற்பது வருடம் சமையலறையில் நின்றவள். படித்ததெல்லாம் வேதமும், பழைய பத்திரிகைகளும், பிள்ளைகள் பள்ளிக்கு எடுத்துப்போய்க் கொண்டுவந்த புத்தகங்களும்தான். ஆனால் பதினான்கு வருடமாக இந்தக் குடியிருப்பின் பங்கேற்பு ஏட்டை எழுதுகிறவள் நான். யார் நீந்தினார், யார் ஆடினார், யார் வரவில்லை என்பது என் கையெழுத்தில் இருக்கிறது. அதனால்தான் என்னைப் பேசச் சொன்னார்கள் என்று நினைக்கிறேன்.

நம் தலைவர், செயல்வாழ்வுக் குழுவை உண்டாக்கியவர், மதிப்பிற்குரிய வெண்டெல் ஆஸ்டர்ஹவுஸ் மறைந்துவிட்டார். எப்படிப்பட்ட மனிதர் அவர்! அறுபத்தாறு வயதில் எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தது யார்? வெண்டெல். டுவேனுக்குக் கதிர்வீச்சு வைத்தியம் நடந்தபோது இருபத்தேழு நாள் தன் காரில் கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டிவந்தது யார்? வெண்டெல். ஞாயிற்றுக்கிழமை இந்தக் குடியிருப்பில் ஒருவர்கூடத் தனியாகச் சாப்பிடக்கூடாது என்று வீடு வீடாகக் கதவைத் தட்டியது யார்? அவரேதான். என் கண்ணுக்கு முன்னால் அவர் செய்த நன்மைகளை நான் மறந்தால் ஆண்டவர் என்னை மன்னிக்கமாட்டார்.

நாம் எதற்காக இங்கே வந்தோம்? வெயிலுக்காக என்று ஊரில் சொல்லிவிட்டு வந்தோம். மினசோட்டாவில் பனி அள்ளி முதுகு போய்விட்டது என்று சொன்னோம். உண்மை அது இல்லை. வெண்டெலின் தாயார் பதினோரு வருடம் படுக்கையில் கிடந்தார். என் மாமியார் ஏழு வருடம். உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் அப்படி ஒரு கட்டில் இருந்தது. ஒரே சபையைச் சேர்ந்த ஏழு தம்பதியர் ஒரு மதியம் காபி குடித்துக்கொண்டே முடிவு செய்தோம். நம்மைப் போல நினைக்கிறவர்கள், நம்மைப் போல ஓடியாடுகிறவர்கள், அவர்களோடு மட்டும் மிச்ச நாளைக் கழிப்போம். அந்தக் கட்டிலை இனிமேல் பார்க்கவேண்டாம். ஒரே மனதோடு இருக்கிறோம் என்று நம்மைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோமே, எதில் ஒரே மனது? இந்த ஒன்றில்தான்.

அதிலிருந்து பிறந்ததுதான் ஒன்பதாம் விதி. பெல் தம்பதியருக்காகச் சொல்கிறேன், நாளைக்கு நீங்களும் கையெழுத்துப் போடவேண்டியிருக்கும். வாரத்துக்கு இரண்டு நடவடிக்கையில் தன் சொந்தக் காலில் நின்று கலந்துகொள்ள வேண்டும். தொடர்ந்து தொண்ணூறு நாள் முடியாமல் போனால், வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். கடிதம் வந்த ஏழு நாளுக்குள், தன்னால் முடியும் என்று குழுவின் முன்னால் ஒருமுறை நின்று காட்டலாம். வெண்டெல் எழுதினார். நாம் கை தூக்கினோம். தூக்காத கை ஒன்றுகூட இல்லை என்று அன்றைக்கே ஏட்டில் எழுதினேன். எழுதுவதற்கு முன்னால் என் கையையும் தூக்கினேன்.

வெறும் கடிதத்தோடு போனால் மனசு கேட்காது என்று ஒரு தட்டு எலுமிச்சை இனிப்போடு போகலாம் என்று சொன்னதும் வெண்டெல்தான். சுட்டுக் கொடுப்பது என் வேலை ஆனது. முதல் தட்டு பெர்னெட்டா ஸ்கூக்குக்குப் போனது. இடுப்பு முறிந்து கிடந்தவள். கதவைத் திறந்து என் கையைப் பார்த்தாள்.

"கடுதாசிய அப்புறம் குடு. மொதல்ல உள்ள வந்து காபி குடி. இனிமே உன்னோட காபி குடிக்க என்னை யாரு வரச்சொல்லப் போறா?"

குடித்தேன். அவள் போனாள். தட்டைக் கழுவித் திருப்பி அனுப்பினாள். நம் ஊர் வழக்கப்படி தட்டு வெறுமையாகத் திரும்பக்கூடாது என்று அதில் ஒரு பொட்டலம் பாதாம் வைத்திருந்தாள். பிறகு அந்தத் தட்டு தெருவில் போனாலே சிரிப்பு வந்துவிட்டது நமக்கு. "மார்லிஸ் தட்டோட வர்றா, எல்லாரும் கால ஆட்டிக் காட்டுங்கப்பா" என்று லொரெய்ன் நீச்சல் குளத்திலிருந்து கத்துவார். குளமே சிரிக்கும். நானும் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறேன்.

ஒன்பதாவது தட்டு ஆர்டித்துக்கு. நான்கு வருடம் முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. தொண்ணூறு நாள் முடிந்தது. தலைவரின் மனைவி ஆயிற்றே, ஏதாவது விலக்கு உண்டா என்று குழுவில் ஒருவர் கேட்டார். வெண்டெல் விலக்குக் கேட்கவில்லை. தட்டை என் கையிலிருந்து வாங்கித் தானே கொண்டுபோய் ஆர்டித்தின் மடியில் வைத்தார். ஆர்டித் இடது கையால் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டார். பத்தொன்பது மைல் தள்ளி இருக்கும் பராமரிப்பு இல்லத்துக்கு அன்றைக்கு மறுவாரம் போனார். அடுத்த கூட்டத்தில் நாம் என்ன செய்தோம்? எழுந்து நின்று கை தட்டினோம். இப்படி நேர்மையான தலைவர் உண்டா என்றோம். அதற்கடுத்த சனிக்கிழமை நடனத்துக்கு அவருக்கு வேறு ஜோடி போட்டோம். ஆர்டித்தின் பெயரை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசைகளில் யாரும் பிறகு சொல்லி நான் கேட்டதில்லை.

இன்று காலை ஒன்பது நாற்பதுக்கு ஆர்டித் வந்தார். பத்து வருடம் வாழ்ந்த இடத்தின் வாசலில், வந்துபோகிறவர்களின் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். போடச் சொன்னது நான்தான்.

இந்த வருடம் சனவரியில் வெண்டெலின் வலது கால் இழுக்க ஆரம்பித்தது. குளத்துக்கு வருவார். பெஞ்சில் உட்கார்ந்து காலணியைக் கழற்றுவார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு போவார். ஏட்டில் அவர் பெயருக்கு எதிரே நான் வெற்றிடமாகவே விட்டு வந்தேன். எண்பத்தெட்டாம் நாள் என் மேசைக்கு வந்தார்.

"மார்லிஸ், செவ்வாய்க்கிழமைக்கு ஒரே ஒரு குறி போடேன். கொளத்துக்கு வந்தேன்ல."

"வந்தீங்க. தண்ணில எறங்கலையே."

"கால நனைச்சேன்."

"கால் நனைக்கறது கணக்குல வராதுன்னு எழுதினதே நீங்கதான் வெண்டெல்."

சிரித்தார். அவருடைய எழுத்தே அவரைப் பிடித்துக்கொண்டதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது போலத் தெரிந்தது. பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார்.

"டுவேன் கோலால வட்டு தள்ளற ஆட்டம் ஆடி எத்தன வாரமாச்சு? ஓரமா உக்காந்து வேடிக்க பாக்கறான். உன் ஏட்டுல மட்டும் வாராவாரம் ஆடிக்கிட்டே இருக்கான்."

நான் ஏட்டை மூடினேன்.

"பயப்படாத, வெளிய சொல்லமாட்டேன். ஆர்டித் கையில பேனா இருந்திருந்தா அவளும் எனக்குப் போட்டிருப்பா. விலக்கு குடுக்கற பேனா என் கையில இருந்துச்சு. நான் அவளுக்குப் போடல."

எழுந்து போய்விட்டார். அந்த ஒரு குறியை நான் போடவில்லை. திங்கட்கிழமை பன்னிரண்டாவது தட்டைச் சுட்டு நானே எடுத்துப்போனேன். வாசலில் நின்றபடியே ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு, "சக்கர கொஞ்சம் கொறச்சல்" என்றார். நின்று காட்டுவதாகக் கடிதத்தின் அடியில் எழுதிக் கொடுத்தார். இத்தனை பேரில் அந்த உரிமையைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு என்ன நடந்தது என்பதை உங்களில் பாதிப் பேர் பார்த்தீர்கள். பார்க்காதவர்களுக்கும் தெரியவேண்டும். குளத்தின் ஓரத்தில் ஐந்து நாற்காலி போட்டு நாங்கள் உட்கார்ந்திருந்தோம். என் மடியில் ஏடு. இடுப்பளவுத் தண்ணீரில், கம்பியைப் பிடிக்காமல், குளத்தின் நீளத்தை இரண்டு முறை நடக்கவேண்டும். முதல் நீளத்தை முடித்தார். திரும்பினார். பெண்கள் பாட்டுப் போட்டுக் கை தட்டினார்கள். இரண்டாவதில் முக்கால்வாசி வந்தார். அங்கே நின்றார். எதையோ தேடுவது போலக் கையை வைத்துத் தண்ணீரைத் தடவினார். பிறகு குனிந்தார். விளையாட்டுக் காட்டுகிறார் என்று எல்லோரும் சிரித்தோம். பாட்டு முடிகிறவரைக்கும் யாரும் இறங்கவில்லை.

அவரை வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள், மூச்சு இல்லை. லொரெய்ன், உங்களை நான் அவமானப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் என்னிடம் கேட்டீர்கள்: "கடைசியில கம்பியத் தொட்டாரா?" தொடவில்லை என்று சொன்னேன். சொல்லிவிட்டு, கை ஈரத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, ஏட்டில் எழுதினேன்: நிறைவு செய்யவில்லை. நீங்கள் கேட்டது பெரிதா, நான் எழுதியது பெரிதா? ஐந்து நாளாக ஜெபத்தில் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை கிறிஸ்டீன் அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். திருமதி பெல் அப்போது அந்த வீட்டின் சன்னல்களை அளந்துகொண்டு, சமையலறைக்குக் காலை வெயில் வருமா என்று என்னைக் கேட்டார். வரும், அம்மா, நல்ல வெயில் வரும். கிறிஸ்டீன் உள்ளே போய் ஒரு தட்டை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார். அடியில் ஒட்டுத்தாளில் என் பெயர். சுத்தமாகக் கழுவியிருந்தது. குளத்துக்குப் போவதற்கு முன்னாலேயே வெண்டெல் அதைக் கழுவி, துடைத்து, வெறுமையாக விடாமல் தன் வீட்டு மரத்து எலுமிச்சம்பழம் ஏழு வைத்திருந்தார். ஒரு சின்னத் துண்டுச் சீட்டு. அவர் எழுத்து. "அடுத்த தட்டுக்கு" என்று இருந்தது. அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை.

கேலியா, கருணையா, எச்சரிக்கையா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த தட்டு யாருக்கு என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

என் கணவர் டுவேன் பதின்மூன்று வாரமாக எந்த ஆட்டத்திலும் கலந்துகொள்ளவில்லை. வட்டு தள்ளும் கோலை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவருக்கு மறந்துவிட்டது. பதின்மூன்று வாரத்துக்கு இருபத்தாறு குறி நான் பொய்யாகப் போட்டேன். அதே பதின்மூன்று வாரம், அதே ஏட்டில், அதே பேனாவால் வெண்டெலுக்கு வெற்றிடம் விட்டேன். இன்று காலை ஆறு மணிக்கு அந்த இருபத்தாறையும் சிவப்பு மையால் அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஏடு அதோ மேசைமேல் இருக்கிறது. இன்றோடு டுவேனுக்குத் தொண்ணூறு நாள் கடந்துவிட்டது.

இங்கே வருவதற்காக அவருக்குக் கழுத்துப்பட்டை கட்டிவிட்டேன். "யாருக்குப் பேசப் போறே?" என்று கேட்டார். வெண்டெலுக்கு என்றேன். "அவன் நல்லவன். என்னைத் தெனம் கார்ல கூட்டிட்டுப் போவான்" என்றார். இருபத்தேழு நாள் அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மற்றதெல்லாம் போய்விட்டது.

மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று இந்த இடத்தில் உறுதி சொல்லவேண்டும். சொல்கிறேன். வெண்டெல் இரண்டு பணி செய்தார். ஒன்று, யாரும் தனியாகச் சாப்பிடக்கூடாது என்று கதவு கதவாகத் தட்டினார். இன்னொன்று, தனியாகச் சாப்பிட மனிதர்களை அனுப்பிவைத்தார். இரண்டையும் ஒரே மனிதர் ஒரே சிரிப்போடு செய்தார். இரண்டுக்கும் நாம் கை தட்டினோம். எதைத் தொடர்வது என்று நான் ஒருத்தி முடிவு செய்ய முடியாது. நான் செய்யக்கூடியது ஒன்றுதான்: இனி இந்த ஏட்டில் பொய் எழுதமாட்டேன், என் வீட்டுக்காகக்கூட. அந்த ஒன்பதாம் விதி நீடித்தால் பதின்மூன்றாவது தட்டை நானே சுட்டு, என் வீட்டு மேசையில் நானே வைப்பேன். அவர் போகும் இடத்துக்கு நானும் போவேன். அதை உங்களிடம் கெஞ்சுவதாக எடுத்துக்கொள்ளவேண்டாம்.

ஆர்டித், பத்து வருடம் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். நீங்கள் போனபின் ஒருமுறைகூட உங்களை வந்து பார்க்கவில்லை. பத்தொன்பது மைல். அதற்கும் இங்கே நின்றே மன்னிப்புக் கேட்கிறேன்.

குழுவுக்கு ஒரு வேண்டுகோள். ஒன்பதாம் விதி இருக்கிறதா, இல்லையா என்று மறுபடி கை தூக்கச் சொல்லுங்கள். இருக்கிறது என்றால் டுவேனின் பெயருக்குக் கடிதம் எழுதுங்கள். இல்லை என்றால் அதை எழுதி வாசலில் ஒட்டுங்கள். எதுவானாலும் எழுத்தில் தாருங்கள். வெண்டெல் வைத்த எலுமிச்சம்பழம் பறித்து ஒரு வாரம் ஆகப்போகிறது, இப்போதே தோல் சுருங்க ஆரம்பித்துவிட்டது. தயவுசெய்து வெள்ளிக்கிழமைக்குள் எனக்குப் பதில் சொல்லுங்கள்.