குரங்குக் குழாயில் குவபாரா

ஆரஞ்சுப் பழத்தை எங்கள் குரங்குகள் உரித்துத்தான் தின்னும். எங்கள் இயக்குநர் தோலோடு விழுங்குவார். சொன்னால் யாரும் நம்புவதில்லை. இனிச் சொல்லப்போவதையாவது நம்புங்கள், இன்ஸ்பெக்டர்.

ஜப்பானின் நாகானோ மலையடிவாரத்து ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை, குரங்குகளின் வெள்ளை அணுக்களை இனம்பிரிப்பது. மனித அணுக்களில் ஒட்டுவதற்கென்று செய்த, ஒளிச்சாயம் ஏற்றிய ஆன்டிபாடி என்ற புரதங்களைத்தான் அதற்கும் பயன்படுத்துவோம். நெருங்கிய சொந்தமல்லவா, பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் கருவியில் ஒளிரும். சில ஒட்டாது. கோளாறு ஆன்டிபாடியிலா என்று, பக்கத்துச் சோதனைக் குழாயில் மனித ரத்தம் வைத்துச் சரிபார்ப்போம். ரத்தம் தருபவர் குவபாரா, கூண்டு கழுவுகிறவர்.

"என்ன நெமோதோ-சான், கொசுகூட குளிர்காலத்துல லீவு போடுது. நீங்க போடமாட்டீங்களா?" என்றபடி கையை நீட்டுவார்.

ஹனா என்ற குரங்குக்குப் புதுமருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். இயக்குநர் மலைபோல் நம்பிய ஓர் ஆன்டிபாடி அவள் அணுக்களில் ஒட்டவேயில்லை.

"அது ஒட்டலையா, உங்களுக்கு ஒட்டவைக்கத் தெரியலையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

மறுநாள் ஹனாவின் குழாயில் குவபாராவை ஊற்றினேன். மனிதக் குழாயில் என் ரத்தம். இரண்டும் கோடைத் திருவிழா வாணவேடிக்கையாக ஒளிர்ந்தன. இயக்குநர் விலாங்குமீன் சோறு வாங்கித் தந்தார். பிறகு மாதாமாதம் அப்படித்தான்.

இலையுதிர்காலத்தில் ஹனாவின் குழாயில் அரைகுறையாக வளர்ந்த அணுக்கள் மொய்த்தன. ரத்தப் புற்று.

"மருந்து பண்ணின வேலை. பாவம், முடிச்சுடுங்க" என்றார் இயக்குநர்.

முடித்தேன். அறுத்துப் பார்த்தவனும் நான்தான். ஹனா நல்ல ஆரோக்கியமாக இருந்தாள்.

அந்த வாரம் குவபாரா வாளியை இறக்கிவிட்டுச் சுவரில் சாய்ந்தார். "மொத்தத்தையும் உறிஞ்சிட்டீங்க போல. மாடி ஏறினா மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா?"

"வயசாச்சுன்னு சொல்லுவாங்க, அவ்வளவுதான். ஈரல் சாப்பிடுங்க, குவபாரா-சான்" என்றேன்.

போகச் சொல்லியிருக்கலாம். போனால் அங்கே ரத்தம் எடுப்பார்கள். ஹனாவுக்கு வந்தது இவருக்கு எப்படி வந்தது என்று இங்கே யோசிப்பார்கள்.

பனி உருகுவதற்குள் அவர் போய்விட்டார். கடைசிவரை ஈரல் சாப்பிட்டாராம். அவர் மனைவி எனக்கு நன்றி சொன்னார்.

ஆண்டுதோறும், இறந்த குரங்குகளின் நினைவுக்கல் முன்னால் நாங்கள் தலைவணங்குவது வழக்கம். இந்த ஆண்டு ஹனாவுக்கு ஓர் ஆரஞ்சு வைத்து மனதார மன்னிப்புக் கேட்டேன். நான் கொன்றது அவளைத்தான். குவபாராவுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. ஊசியைக்கூட வலிக்காமல்தான் குத்தினேன், அவரே சொல்லியிருக்கிறார்.